அப்பா வைத்த ஏரியலைக் கழற்றலாமா?

கேள்வி: அண்ணா, நாங்கள் டர்பனில் சாட்ஸ்வர்த், பேவியூவில் பள்ளத்துப் பக்கம் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு 81 வயது. மாதச் சந்தா கட்ட முடியாமல் டிஷ்ஷை நிறுத்திவிட்டோம். டிஜிட்டல் டிகோடர் ஒன்று வாங்கி, அப்பா காலத்து ஏரியலிலேயே மாட்டினோம். படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பேச்சு விட்டு விட்டு வருகிறது. மழை பெய்தால் இரண்டு நாளைக்கு ஒன்றுமே தெரியாது. 15 வயதில் இருக்கும் என் மகன் வீடியோ பார்த்து, கோட் ஹேங்கர் கம்பியும் அலுமினியத் தாளும் வைத்து ஓர் ஏரியல் செய்தான். பழைய ஸ்பீக்கர் ஒயரை இணைத்து, கடல் பார்த்த சன்னலில் தொங்கவிட்டான். ஒரு சேனலும் வரவில்லை. பிள்ளை அதை மூலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறான். கடைக்காரர் பூஸ்டர் வாங்கச் சொல்கிறார். கூரையில் இருக்கும் ஏரியல் அப்பா தன் கையால் ஏற்றியது. கம்பி ஒவ்வொன்றும் கைநீளம் இருக்கும். அதைக் கழற்ற அம்மாவுக்கு மனமில்லை. என்ன செய்யட்டும்?
— ஒரு தங்கை, சாட்ஸ்வர்த்

பதில்:

அன்புத் தங்கைக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்களைப் படித்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. ஒன்று "கைநீளம்". இன்னொன்று "ஸ்பீக்கர் ஒயர்".

முதலில் பையனிடம் சொல்லுங்கள்: அவன் செய்த ஏரியல் கெட்டது இல்லை. அது பிடித்ததை டிகோடர் வரை கொண்டுபோக வழி இல்லை, அவ்வளவுதான். ஸ்பீக்கர் ஒயர் பாட்டுச் சத்தத்தைக் கொண்டுபோகச் செய்தது. டெலிவிஷன் அலை ஒரு விநாடிக்கு 47 கோடி தடவைக்கு மேல் துடிக்கிறது. அந்த வேகத்தில் ஸ்பீக்கர் ஒயர் ஓட்டைக் குடம் மாதிரி, வழியெல்லாம் சிந்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் சார்ஜர், விளக்கு, மோட்டார் எல்லாவற்றின் இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வரும். இன்னொன்று, கோட் ஹேங்கர் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல் ஆணி வைத்து இறுக்கினால், கண்ணுக்கு ஒட்டியது போலத் தெரியும், மின்சாரம் ஓடாது. மூன்றாவது, அவன் பார்த்த திசை. டர்பனின் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் கடல் பக்கம் இல்லை. ஹில்கிரெஸ்ட்டை ஒட்டிய ஆல்வர்ஸ்டனில், மேட்டு நிலத்தில் இருக்கிறது. சாட்ஸ்வர்த்திலிருந்து அது வடமேற்கு, ஏறக்குறைய 20 முதல் 25 கிலோமீட்டர். ஜூன் மாதத்தில் சூரியன் மறையும் இடத்தைப் பார்த்து நின்றால், அதற்குச் சற்று வலது கைப்பக்கம். பையன் நேர் எதிர்த் திசையில் தொங்கவிட்டிருக்கிறான்.

இனி அப்பாவின் ஏரியல். நம் தென்னாப்பிரிக்காவுக்கு டெலிவிஷன் வந்ததே தாமதம். பிசாசுப் பெட்டி என்று சொல்லி அதை வரவிடாமல் தடுத்த மந்திரி ஆல்பர்ட் ஹெர்ட்ஸாக்கின் காலத்தையும் தாண்டி, 1976 ஜனவரி 5-ம் தேதிதான் நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி அதை முறையாகத் தொடங்கியது. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கியதை உலகமே பார்த்தபோது நாம் நேரலையில் பார்க்கவில்லை. அதனால் எழுபதுகளின் கடைசியில் தன் வீட்டுக் கூரையில் ஏரியல் ஏற்றிய ஒவ்வொரு தகப்பனுக்கும் அது ஒரு பெருமை. நான் அந்தக் காலத்தில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் எடுபிடியாக வேலை கற்றவன். கம்பத்தை நிமிர்த்தி, கீழே வீட்டுக்குள்ளிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு" என்று குரல் கேட்கும்போது கூரையில் நிற்பவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மா ஏன் மறுக்கிறார் என்பதும் புரிகிறது.

ஆனால் அந்த ஏரியல் வேறொரு அலைக்குச் செய்தது. ஏரியலின் கம்பி நீளத்தைப் பொறுத்ததுதான் அது கேட்கும் அலை. அலை ஒரு விநாடிக்கு எத்தனை பத்து லட்சம் தடவை துடிக்கிறது என்பதுதான் மெகாஹெர்ட்ஸ். 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். கம்பி அதில் பாதி இருக்க வேண்டும். பழைய விஎச்எஃப் ஒளிபரப்பு 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. அலை ஒன்றரை மீட்டர், கம்பி 75 சென்டிமீட்டர். அதுதான் உங்கள் "கைநீளம்". இப்போதைய டிஜிட்டல் ஒளிபரப்பு யுஎச்எஃப் என்ற இன்னும் வேகமான அலைவரிசையில், 470-க்கும் 694 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே கம்பி 26 சென்டிமீட்டர்தான் வேண்டும், ஒரு சாண் சொச்சம். அப்பாவின் ஏரியல் இன்று கொஞ்சமாவது படம் காட்டுகிறதென்றால், எந்த உலோகக் கம்பியிலும் அலை கொஞ்சம் ஒட்டும் என்பதால்தான்.

டிஜிட்டலுக்கு முந்திய அனலாக் காலத்தில் இந்தக் "கொஞ்சம்" போதும். படத்தில் மழை பெய்யும், நிழல் விழும், இருந்தாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அப்படிக் கிடையாது. ஓர் அளவு வரை படம் கண்ணாடி போல இருக்கும். அதற்கு ஒரு நூல் கீழே போனாலும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். மரத்து இலை நனைந்தாலும் போதும், விழுந்துவிடுவீர்கள்.

மழைக்குப் பிறகு இரண்டு நாள் வராததற்கு இலையைவிடக் கேபிள்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். மழை விட்டதும் சரியாகிவிட்டால் இலை என்று சொல்லலாம். இரண்டு நாள் ஆகிறதென்றால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கி, காய அத்தனை நேரம் பிடிக்கிறது. ஏரியல் முனையில் ஒரு கை அளவு கேபிளை வெட்டி உரித்துப் பாருங்கள். உள்ளே பின்னல் கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் கேபிள் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் 20 வருஷக் கேபிள் பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம். புதிதாக வாங்கும்போது 75 ஓம் ஆர்ஜி 6 என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிசான ஆர்ஜி 59 வேண்டாம். நல்ல ஆர்ஜி 6-இலேயே 20 மீட்டர் போனால் கிட்டத்தட்டப் பாதி சக்தி குறைந்துவிடும். அதனால் தேவைக்கு மேல் சுருட்டி வைக்காமல் அளந்து வெட்டுங்கள்.

கடைக்காரர் சொன்ன பூஸ்டரைப் பற்றி: இப்போது வாங்காதீர்கள். ஏரியல் பிடிக்காததைப் பூஸ்டர் உண்டாக்காது. பிடித்ததையும், அதோடு வந்த இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். டெலிவிஷனுக்குப் பின்னால் வைக்கும் பூஸ்டரால் அநேகமாகப் பயனே இல்லை. போட்டே ஆகவேண்டுமென்றால் ஏரியலை ஒட்டிக் கம்பத்தின் மேல் போடுவதுதான் சரி. அதிலும் ஒரு சிக்கல். முன்பு டெலிவிஷன் வைத்திருந்த 694-க்கு மேற்பட்ட அலைகள் இப்போது செல்போனுக்குப் போய்விட்டன. 2022-ல் நம் தகவல்தொடர்பு ஆணையமான இகாசா ஏலம் விட்டதில் அவையும் உண்டு. பூஸ்டர் பக்கத்துச் செல்போன் கோபுரத்தையும் சேர்த்து உள்ளே இழுத்து, அதிலேயே திணறிப்போகும். கோபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் உங்களுக்குக் குறை சக்தியில் இல்லை என்பது என் எண்ணம்.

இனி பையனுக்கான வேலை. கோட் ஹேங்கரை விட்டுவிட்டு இரட்டைச் சதுர ஏரியல் செய்யட்டும். பைகுவாட் என்பார்கள். கூரையில் பார்க்கிற மீன்முள் ஏரியலை யாகி என்கிறோம் அல்லவா, 1926-ல் ஜப்பானில் அதை உழைத்து உருவாக்கியவர் ஷிந்தாரோ உடா. அவருடைய பேராசிரியர் யாகியின் பெயர்தான் நிலைத்துவிட்டது. அது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம். யாகி அருமையான ஏரியல், ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் தனி அளவு, தனி இடைவெளி. ஒரு சின்னத் தவறு வந்தாலும் கெட்டுவிடும். பைகுவாடுக்கு ஒரே அளவுதான். ஒரு பிள்ளை முதல் முறையே செய்து ஜெயிக்கக்கூடியது அதுதான் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைச் செம்புக் கம்பி, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 13 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு ஏழு இடங்களில் செங்கோணமாக மடக்கினால் எட்டுப் பக்கம் வரும். ஒரு சாய்சதுரத்தின் மேல் இன்னொரு சாய்சதுரம் நிற்கிற மாதிரி, எட்டு என்ற எண்ணின் உருவம். இடுப்பில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கம்பியின் இரண்டு நுனியும் இடுப்பின் இடது பக்கத்தில் வந்து சேரும். அங்கே ஈயம் வைத்து ஒட்டி, கேபிளின் நடுக் கம்பியையும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும். பின்னலை முறுக்கி இடுப்பின் வலது பக்கத்தில் ஒட்ட வேண்டும். இவ்வளவுதான் ஏரியல். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது, அதனால்தான் செம்பு சொல்கிறேன்.

அதன் முதுகுக்கு ஒரு தட்டி வேண்டும். 52-க்கு 52 சென்டிமீட்டர், பெரிதானாலும் பரவாயில்லை. எட்டுக்கும் தட்டிக்கும் இடைவெளி ஆறரை சென்டிமீட்டர். பிளாஸ்டிக் குழாயைத் துண்டு போட்டு முட்டுக் கொடுக்கலாம், கம்பி தட்டியில் எங்கும் படக் கூடாது. கேபிளைத் தட்டியின் நடுவில் ஓட்டை போட்டுப் பின்பக்கமாக எடுத்துவிடுங்கள். தட்டிக்குக் கோழிவலை போதும். கண் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலையைக் காற்று தள்ளாது, தகரமென்றால் ஒரு புயல் காற்றில் கம்பத்தோடு சாய்த்துவிடும்.

13 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பையன் கேட்பான், கேட்க வேண்டும். 470-க்கும் 694-க்கும் நடு 582. அலை ஏறக்குறைய 52 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 13. இன்னும் துல்லியமாகச் செய்ய ஆசைப்பட்டால், டிகோடரில் கையால் தேடும் பக்கத்தைத் திறந்து, படம் எந்தச் சேனல் எண்ணில் தட்டுப்படுகிறது என்று பார்க்கட்டும். அந்த எண்ணை எட்டால் பெருக்கி 306-ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ். 24 என்றால் 498, அப்போது பக்கம் 15. இந்தக் கணக்கை அவனே போட்டு, அவனே வெட்டி, படம் வந்துவிட்டால், பள்ளிக்கூடத்தில் அலைநீளம் பாடம் நடத்தும்போது அவன் உட்காரும் விதமே வேறாக இருக்கும்.

இரண்டு இடத்தில் பயந்துவிடுவான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓம் மீட்டர் வைத்துப் பார்த்தால் நடுக் கம்பிக்கும் பின்னலுக்கும் ஷார்ட் காட்டும். அது தவறில்லை. எட்டு ஒரே வளையம் என்பதால் அப்படித்தான் காட்டும். அதே காரணத்தால் டிகோடர் மெனுவில் "ஆண்டெனா பவர்" என்று இருந்தால், மாட்டுவதற்கு முன்பே அணைத்துவிட வேண்டும். அது பூஸ்டருக்குக் கரண்டு அனுப்பும் வழி. இந்த வளையத்தில் ஷார்ட்டாகும்.

எட்டு நிமிர்ந்து நின்றால் படுக்கையாக வரும் அலையைப் பிடிக்கும். சாய்த்துப் படுக்க வைத்தால் நிமிர்ந்து வரும் அலையைப் பிடிக்கும். எது என்று தெரிய, தெருவில் படம் நன்றாக வரும் வீட்டின் ஏரியலைப் பாருங்கள். கம்பிகள் தரைக்கு இணையாக இருந்தால் எட்டை நிமிர்த்துங்கள். இதைத் தலைகீழாக வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் திசை தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு, உடனே கூரைக்குப் போக வேண்டாம். ஒரு துடைப்பக் கட்டையில் கட்டி, நீளமான கேபிளோடு முற்றத்தில் நடந்து பாருங்கள். நீங்கள் இருப்பது பள்ளம். யுஎச்எஃப் அலை மேட்டைத் தாண்டி அவ்வளவாக வளைந்து இறங்காது. நேரே வருவது கொஞ்சம், எதிர் மேட்டிலும் சுவரிலும் பட்டுத் திரும்புவது கொஞ்சம். இவை ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், அரை மீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். கூரையின் உச்சியில் வராதது கொல்லைப்புறக் குளியலறைச் சுவரோரம் வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். டிகோடரில் இரண்டு பட்டை தெரியும், ஒன்று ஸ்ட்ரென்த், ஒன்று குவாலிட்டி. நீங்கள் பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டும். ஏரியலை ஒரு விரற்கடை திருப்பிவிட்டு ஐந்தாறு விநாடி காத்திருங்கள், அந்தப் பட்டை மெதுவாகத்தான் அசையும். பையன் வெளியே, அம்மா உள்ளே திரையைப் பார்த்துச் சொல்லட்டும். அப்பா ஏற்றிய நாளிலும் அப்படித்தானே நடந்திருக்கும்.

கூரை விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். நம் பழைய கவுன்சில் வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உங்கள் வீடும் அப்படி என்றால் யாரும் அதன் மேல் ஏறக் கூடாது, ஓட்டை போடக் கூடாது. என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட கூரையில் ஆணி அடித்த வரிசையைத் தவறவிட்டுக் கால் வைத்தார். ஓடு பிஸ்கட் மாதிரி உடைந்து உள்ளே விழுந்தார். தோள் எலும்பு கடைசிவரை சரியாகவில்லை. விழுவதைவிட மோசம் அந்தத் தூள். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல பத்து வருஷம் கழித்தும் ஆளைக் கொல்லக்கூடும். 2008-ல் நம் நாடு அதைத் தடை செய்தது காரணமில்லாமல் இல்லை. கம்பத்தைக் கூரையில் நாட்டாமல் பக்கச் சுவரில் இரும்புப் பிடி அடித்து நிறுத்தலாம். ஆஸ்பெஸ்டாஸோ ஓடோ அலையை அவ்வளவாகத் தடுக்காது. சீலிங் பலகைக்கும் கூரைக்கும் நடுவில் போதிய சிக்னல் இருந்தால், ஏற்கனவே இருக்கும் வழியாக ஏரியலை அங்கேயே நீட்டி வைத்துவிடலாம். ஆனால் அங்கேயும் பழைய தூள் படிந்திருக்கும், பையனை ஏற்றாதீர்கள். தகரக் கூரையென்றால் உள்ளே வைத்துப் பயனில்லை.

கம்பம் சாய்ந்தாலும் கரண்டுக் கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். கம்பத்தை நிலத்தோடு எர்த் செய்யுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை சாயங்கால இடி தொடங்கும்போது கேபிளை டிகோடரிலிருந்து பிடுங்கிவிடும் பழக்கம் அம்மாவுக்கு வரட்டும். இடி தலைக்கு மேல் வந்தபின் கேபிளைத் தொடக் கூடாது. ஈயம் வைத்த இடத்துக்குச் சிலிக்கான் பூசும்போது புளிக்காடி வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம், அந்தக் காடி செம்பை அரித்துவிடும். வாசம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு முழம் கீழே தொங்கி மேலேறட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தும் தேதி பல தடவை தள்ளிப்போயிருக்கிறது. 2025 மார்ச் 31 என்று சொன்னதையும் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். டிஜிட்டல் உங்கள் தலைக்கு மேலே இன்றைக்கே போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியாக அம்மாவின் மனக்குறை. அப்பாவின் கம்பம் துருவேறாமல் உறுதியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், தலையை மட்டும் மாற்றுங்கள். இறக்கிய ஏரியலைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். முதுகுத் தட்டிக்குக் கோழிவலை சொன்னேன் அல்லவா? அலை படுக்கையாக வருகிறதென்றால், வலைக்குப் பதில் அலுமினியக் கம்பிகளைப் படுக்கையாக வரிசை கட்டினாலும் அதே வேலையைச் செய்யும். அப்பாவின் கம்பிகள் 75 சென்டிமீட்டர், நமக்குத் தேவையான 52-க்கு மேலேயே இருக்கின்றன. கறுப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு மரச்சட்டத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டச் சொல்லுங்கள். அவற்றில் 8 கம்பிகள் தேறினால் நடுப்பகுதிக்குப் போதும், மேலும் கீழும் மிச்சத்துக்கு ஒரு துண்டு வலை. எத்தனை கம்பி தேறியது, டிகோடரில் எந்தச் சேனல் எண் தெரிந்தது என்று பையனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.